நாற்பத்தைந்தில் மட்டும்

நாற்பதில் இல்லை. ஐம்பதில் இல்லை.
நாற்பத்தைந்தில் மட்டும்
டேஷ்போர்டுக்குள் யாரோ பல்லைக் கடிக்கிறார்கள்.

தொண்ணூற்றோராம் வருடத்து வால்வோ,
நாலு லட்சத்துப் பதினாறாயிரம் கிலோமீட்டர்.
மூஸ்கோசெல் போகும் சரளைச் சாலை
புதிதாய்க் கொத்திய அம்மி மாதிரி கிடக்கிறது.
மைனஸ் இருபத்திரண்டு.
பிளாஸ்டிக் சுருங்கும் குளிர்;
மூடிவைத்ததெல்லாம் வாய் திறக்கும் குளிர்.

ஹில்லெவி முதலில் டேஷ்போர்டு அறையைக் காலி செய்தாள்.
காற்றழுத்தமானி, மூடியில்லாத மூன்று பேனா,
காஸ் வெட்டும் கத்தரி, உடைந்த மிட்டாய்,
எந்த ஊரிலோ வாங்கிய பார்க்கிங் அபராதச் சீட்டு.
எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி
வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.
சத்தம் வீட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை.

ஓட்டிக்கொண்டே தேடவும் முடியாது.
ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை
தட்டித் தட்டிப் பார்ப்பதில் என்று போனதில்
சென்ற வாரம் ஒரு கலைமான்
மயிரிழையில் தப்பியது. அவளும்தான்.

ஆகவே ஸ்டூரே.
பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்தொரு வருடம்
பனி வாரும் லாரி ஓட்டியவர்.
நாற்பத்தைந்து என்றால் நாற்பத்தைந்து;
முள் அசையாது.

பின்னிருக்கையை மடித்துவிட்டு
சாமான் வைக்கும் இடத்தில் அவள் மல்லாந்து படுத்தாள்,
கழுத்தில் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஸ்டெதஸ்கோப்.
கதவு அட்டையின்மேல் வைத்தபோது
'மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்' என்று
வாய்வரை வந்துவிட்டது.

ஜாக்கிதான் லொடலொட. கம்பளிக் காலுறையில் சுற்றினாள்.
பின்கதவுக் கொக்கி நறநற. இரண்டு சுற்று டேப்.
பெல்ட் வளையம் கிணுகிணு. ஒரு துண்டு ஃபெல்ட் துணி.
எவரும் புகைக்காத சாம்பல் கிண்ணத்துக்கு
நாலாய் மடித்த மளிகை ரசீது போதுமானதாயிருந்தது.

ஒன்றை அடக்கினால்
அதன் முதுகுக்குப் பின்னால் நின்றது எட்டிப் பார்க்கிறது.
வார்டிலும் இப்படித்தான்:
கால் முறிந்து வந்தவன் அலறி ஓய்ந்த பிறகே
மூலைக் கட்டில் முனகுவது கேட்கும்.

ஐந்தாம் ஓட்டம்.
மணி மூன்று ஆகவில்லை, இருட்டிவிட்டது.
ஜோடி ஜோடியாய் வந்தவை
ஜோடி ஜோடியாய்ப் போய்விட,
ஒற்றையாய் ஒன்று மிச்சம்.

டக்.

ஒரு மேட்டுக்கு ஒன்று.
இடப்பக்கம், முன்னால், கொஞ்சம் உயரத்தில்.
கூரைத் துணியா? வெயில் மறைப்பின் கீலா?
இருக்கைகளுக்கு நடுவே தவழ்ந்து வந்து
ஸ்டெதஸ்கோப்பை நீட்டினாள்.
கதவுத் தூணில் ஒன்றுமில்லை.
கூரையில் இல்லை. கண்ணாடியில் இல்லை.

டக்.

"இன்னும் இருக்கிறதா?" என்று ஸ்டூரே கேட்டபோது
நின்றது.
கேட்டு முடித்து வாயை மூடியதும்
டக்.

மேல்வரிசைப் பல்செட்.

அதற்கப்புறம்தான் மற்றவையும் கண்ணில் பட்டன.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை.
சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே
இரண்டு விரல் இடம்.
மூஸ் வேட்டைக்குப் போன செப்டம்பரில்
இந்தக் கன்னங்கள் நிரம்பி இருந்தன.

கையிலிருந்த டேப்பை
எங்கே ஒட்டுவது என்று தெரியாமல்
தன் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டாள்.

"அகப்பட்டதா?"
"கிட்டத்தட்ட."
"எங்கே?"
"வியாழக்கிழமை காலை சும்மாதானே இருப்பீர்கள்?
சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், என்னோடு."
"எதற்கு? கார் அங்கேயா சரியாகும்?"

வெளியே பைன் மரங்கள்
விளக்கொளிக்குள் வந்து வந்து போயின.

"கொஞ்சம் கூட்டுங்கள்," என்றாள், "ஐம்பதுக்கு."

ஐம்பதிலும் இருந்தது.