வக்காலத்து

தம்பு செட்டித் தெருவில்
படிக்கட்டுக்கு ஒரு வக்கீல்.
முதல் படியில்
பையன் பேரில் என்ன இருக்கு என்றார்.
லாரிக்காரன் கம்பெனி கொடுத்த நஷ்ட ஈடு,
ராயபுரம் பேங்கில், பதினெட்டு வயசு வரை பூட்டு.
"ஓ, அதுக்குத்தானா?"
இறங்கிவிட்டேன்.

அடுத்தவர் தகப்பனைக் கேட்டார்.
எண்ணூர்ப் பக்கம், வேறொருத்தியோடு.
"சட்டப்படி அவன்தானேம்மா"
என்றவருக்கு டீ ஆறுகிற கவலை.

மூன்றாவது மாடி.
ரூபன் படிகளை எண்ணிக்கொண்டு வந்தான்,
நாற்பத்தொன்று.
நளாயினி மேடம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு
"ஸ்கூல்ல யார் கையெழுத்து போடுறது?"

நான்தான்.
"உன் பேரா?"
இல்லை.
பிலோமினா செத்த பிறகும் ரெண்டு வருஷம்
ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுகிறாள்.
கடைசி எழுத்தின் காலை
மேலே சுழித்துவிடுவாள் அக்கா.
இறால் உரித்து ஊறிப்போன விரலுக்கு
அந்தச் சுழிப்பு மட்டும் பிசகாமல் வரும்.

மேடம் கொஞ்ச நேரம்
கீழே ஹாரன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"இத ஜட்ஜ்கிட்ட நான் சொல்றேன்.
நீ முந்திக்காத."
பீஸ் என்றேன்.
"தடைக்காலம் முடியட்டும், போட்டு போகட்டும்."

தாளைத் தள்ளினார்.
உன் பேரு, உன் பேரு மட்டும்.
மேசை விளிம்பில் மோவாயை வைத்து
ரூபன் பார்க்கிறான்.
அமலி என்று
கடைசியாக எங்கே எழுதினேன்?
அதற்குள் பேனா
'பி' போட்டுவிட்டது.

"பரவால்ல, அடிச்சிட்டு எழுது."

எழுதிவிடுவேன்.
அடிக்கத்தான்
கை வரவில்லை.