மட்டம்

யார்க்டனில் அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
வண்டிக் கதவு உறைந்து திறக்க மறுத்ததால்
பக்கத்து இருக்கை வழியாக இறங்கினேன்.

ஸ்தெஃபா ஹ்ரிசாக் கதவைத் திறந்தாள்:
கம்பளிக் குல்லா, கணவனின் வேட்டைக் கோட்டு,
கையில், இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்.
"பதினேழு" என்றாள்,
வாருங்கள் என்பதற்குப் பதிலாக.

கூடத்துச் சுவரில் பழைய வட்டத் தெர்மோஸ்டாட்.
கேட்பதைக் காட்டும் முள் இருபத்திரண்டில்,
கிடைப்பதைக் காட்டும் முள் பதினேழில்.
நடுவே கிடக்கும் அந்த ஐந்து டிகிரியில்தான்
என் பிழைப்பு ஓடுகிறது.

மூடியைக் கழற்றினேன்.
சுருள் தகடு, அதன் தலையில் கண்ணாடிக் குமிழ்,
குமிழுக்குள் ஒரு சொட்டுப் பாதரசம்
ஓரமாய் ஒதுங்கி.
தூசி இருந்தது, ஊதினேன்.
தூசிமேல் பழிபோட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகமில்லை.

வட்டை உருவி
சிவப்புக் கம்பியையும் வெள்ளைக் கம்பியையும்
முறுக்கிச் சேர்த்துவிட்டு நின்றேன்.
அவளும் நின்றாள்.
கீழ்த்தளத்தில் ஒரு சொடுக்கு.
பிறகு குப்பென்று தீப் பற்றுகிற ஓசை.
பிறகு, சற்று யோசித்து, விசிறி.

"உலைக்கு ஒன்றுமில்லை" என்றேன்.
"அதற்குச் சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்."

சமையலறையில் ஒரெஸ்ட்
குறுக்கெழுத்துப் புதிரில் மூழ்கியிருந்தார்.
பென்சில் நகரவே இல்லை.

வட்டைத் திரும்பப் பொருத்தி
ரசமட்டத்தை அதன் தலையில் வைத்தேன்.
இடப்பக்கம் சாய்வு. நகக்கண் அளவு.
அது போதும்:
பாதரசம் முன்கூட்டியே உருண்டுபோய்
அடங்கு என்று உலையின் வாயைப் பொத்திவிடும்.

வீடே அமிழ்ந்து சாய்ந்திருக்கலாம்,
இந்த ஊர்க் களிமண் அப்படிப்பட்டது.
ஆனால் வட்டின் விளிம்பை ஒட்டிச் சுவரில்
பிறை வடிவில் ஒரு பச்சைப் பெயின்ட்,
முப்பது வருஷம் வெளிச்சம் பார்க்காத பச்சை.
மேல் திருகாணியின் பள்ளத்தில்
பளிச்சென்று புதுக் கீறல்.

குறுக்கெழுத்துக்காரர் இருமினார்.
குளிர்பெட்டிக் கதவில்
ஜனவரி மாத எரிவாயு பில்.
தொகையை யாரோ இரண்டு தடவை வட்டமிட்டிருந்தார்கள்,
இரண்டாவது வட்டத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.
நிமிர்த்தினேன், முடுக்கினேன்.
குமிழி இரு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

சூடு ஏறும்வரை உட்காரச் சொன்னாள்.
காபி. கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி, இரண்டு துண்டு.
மூவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம், வெளி வானிலையை மட்டும்.
பத்தொன்பதில் கோட்டைக் கழற்றினாள்.
இருபத்தொன்றில் குல்லாவை.

ரசீதில் 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
ரயில் அதிர்வால் திருகு தளர்ந்தது.
தண்டவாளம் ஊரின் மறுகோடியில்.

ஒரெஸ்ட் எழுந்து வந்து
யாரும் கேட்காமலே என் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு
வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கினார்.

அந்த இடைவெளியில் அவள்,
"ரயிலா?"

நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"பன்னிரண்டு நாளாய்த் தெரியும்.
இழுப்பறையில் சின்னத் திருப்புளி
இடம் மாறிக் கிடந்தது."

"தெரிந்துமா கூப்பிட்டீர்கள்? அதுவும் ராத்திரியில்.
இந்நேரத்துக்கு இரட்டைக் கட்டணம்."

"அதனால்தான்" என்றாள்.
"பில்லை அவர் கையில் கொடுங்கள்."

கொடுத்தேன். வாசல் விளக்கடியில் படித்தார்.
மூச்சு மட்டும் வெள்ளையாய் வந்தது, பேச்சு வரவில்லை.

வண்டியைக் கிளப்பி, கண்ணாடிப் பனியைச் சுரண்டும்போது
கூரைக் குழாயில் ஆவி எழுந்துகொண்டிருந்தது.
சுரண்டி முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

வீடு இருபத்திரண்டைத் தொட்டிருக்கலாம்.
யாராவது முள்ளைத் திருகியும் இருக்கலாம்.
எது என்று வெளியிலிருந்து சொல்லும் கருவி
என் பெட்டியில் இல்லை.