கிரிட்டில் பூஜ்யம்

திபிலிசியில், வறண்ட பாலத்துச் சந்தையில்
ஒன்று இரண்டு லாரி என்று ஆறு கண்டென்சர் வாங்கினேன்.
பச்சை உருளை, இரு முனையிலும் கண்ணாடி மணி,
மேலே பொறித்தது: 1974 மார்ச்.
"எண்ணெயில் ஊறிய காகிதம், சாகாது"
என்று விற்றவர் சத்தியமே செய்தார்.

வீட்டில் முந்நூறு வோல்ட் ஏற்றினேன்.
நான்கு கசிந்தன.
சத்தியத்துக்கு அவ்வளவுதான் மின்காப்பு.

இதன் வேலை சின்னது.
முதல் வால்வின் தகட்டில் இருநூற்றுப் பத்து வோல்ட்
ஆடாமல் நிற்கிறது. அது தாண்டக் கூடாது.
அதன்மேல் நடுங்குகிற பாட்டு மட்டும் தாண்டலாம்.
தவறினால்
அடுத்த வால்வு உலை இரும்பாய்ச் சிவக்கும்.

கோபன்ஹேகனிலிருந்து தெங்கோ எழுதுகிறான்:
வெள்ளித் தகடு போட்டது வாங்கு,
ஒன்று எண்பது யூரோதான்,
வயலினில் குதிரைமயிர்கூடக் கேட்கும்.
இந்தக் குளிர்காலத்தில் எண்பது யூரோ
எனக்கு ஒரு மாத எரிவாயு.

மேல்மாடி ஷால்வா, தேவாலயப் பாடகர்குழுவில் அடிக்குரல்.
முதுகைத் திருப்பி உட்காரச் சொன்னேன்.
முதல் தடவை: "மந்தம்."
இரண்டாம் தடவை: "ஆ, இது! பாடுகிறவள் மூச்சு கேட்கிறது."
நடுவில் நான் ஜன்னலைச் சாத்தியிருந்தேன்,
வேறொன்றும் மாற்றவில்லை.
அவரிடம் சொல்லவும் இல்லை.

கடைசியில் மஞ்சள் பிளாஸ்டிக் படலம்,
பாயின்ட் இருபத்திரண்டு, அறுநூற்று முப்பது வோல்ட்,
ஜோடி மூன்று லாரி.
ஈயம் உருகி மினுங்கி உறைந்தது.
கிரிட்டில் மீட்டர் முனையை வைத்தேன்:
பூஜ்யம்.
வால்வுகள் சூடேறிய பின்னும் பூஜ்யம்.

கசியாத அந்தப் பச்சை இரண்டும்
மேசைமேல், உப்புக் கிண்ணத்தருகே.
அழகாயிருக்கின்றன,
இருக்கட்டுமே.