இடது காது

பர்மா ரோடு, மூன்றாம் மாடி.
கேட்கும் திறன் சோதிக்கும் அறைக்குள்
கதவைச் சாத்திவிட்டால்
தன் எச்சில் இறங்குவது தனக்கே கேட்கும்.

ஜெனரல் பியோ கி-சோக். வயது எண்பத்தாறு.
தஞ்சோங் பூங்காவில் மகள் வீட்டில் இருக்கிறார்.
படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில்
மகள் எதையோ எழுத
பேனாவை வாங்கி அவரே அடித்துவிட்டார்.

சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள்,
கேட்காவிட்டால் சும்மா இருங்கள்.
மகள் கொரிய மொழியில் சொன்னாள்.
அவர் தலையாட்டவில்லை,
முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

வலது காதில்
பீரங்கி தின்றதுபோகக் கொஞ்சம் மிச்சமிருந்தது.
இடது காதுக்கு அனுப்பினேன், அமுக்கினார்.
அனுப்பவில்லை,
அமுக்கினார்.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
அமுக்கினார், விட்டார்,
அமுக்கினார், விட்டார்,
பழைய தொலைபேசி அடிப்பதுபோல.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
மகள் பாதி மலாயில் சொன்னாள்:
தலைநகரை நோக்கி டாங்கிகள் புறப்பட்ட இரவு
அப்பா மேசையில் இரண்டு தொலைபேசிகள்
ஒரே நேரத்தில் அடித்தனவாம்.
பாலத்தை மூடச் சொல்ல அமைச்சர்.
மூடாதே என்று சொல்ல
கூடப் படித்தவர்கள்.

எதை எடுத்தார்?

லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று
விசாரணையில் சொன்னார்.
அம்மாவிடமும் அதையேதான்.

பாலம் திறந்தே கிடந்தது.
வென்றவர்கள் தோளில் ஒரு நட்சத்திரம் கூட்டினார்கள்.
அவர்கள் கவிழ்ந்தபோது
வந்தவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள்.
பதினான்காம் மாடி பால்கனியில்
இப்போது ஒரு நாற்காலியும் கடலும்.

லைன் சரியில்லை என்று நானும் சொல்லியிருக்கிறேன்,
ஈப்போவிலிருந்து மனைவி அழைத்தபோது.
யாரும் கடந்து போகவில்லை,
அவளைத் தவிர.

இப்படி அமுக்குகிறவர்களின் தாளில்
‘நம்பத் தகாதது’ என்று எழுதுவது எங்கள் வழக்கம்.
எழுத்துக்கூட்டி எழுதினேன்,
ஏதோ முதல் தடவை எழுதுவதுபோல.

வெளியே மகள் காசு எண்ணிக்கொண்டிருந்தாள்.
கவுண்டரில் தொலைபேசி அடித்தது.
வாய் நிறைய மீ கோரெங்கோடு நோராய்னி
இவரைப் பார்த்து
எடுங்களேன் என்று கைகாட்டினாள், விளையாட்டாக.

சட்டையின் மேல் பட்டனைப் போட்டார்.
எடுத்தார்.
இடது காதில்தான் வைத்தார்.
சனிக்கிழமை திறந்திருக்குமா என்று
யாரோ கேட்டிருக்கலாம்.
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு ஒரே ஒரு சொல்.

மகளின் கையிலிருந்த நோட்டுகள் அப்படியே நின்றன.
என்ன சொன்னார் என்று கேட்டேன்.
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.