வரிவிலக்கு

முதலில் அந்த அமைதி பிடித்திருந்தது.
ஈமச்சடங்குக் காப்பீட்டுக்காரன் போனான்,
மாதம் தொண்ணூற்றொன்பது ராண்டுக்கு
என் சாவை எனக்கே தவணையில் விற்றவன்.
முழங்கால் வலிக்கான பச்சை எண்ணெய் போனது.
தானாக ஓடி, தானாகக் கத்தி,
பஸ்ஸில் எல்லாரையும் என் பக்கம் திரும்பவைத்த
கார் வீடியோ போனது.
மாதக் கடைசியில் டேட்டா நாற்பது எம்பி மிச்சம்.
சாட்ஸ்வர்த்தில், எங்கள் வீட்டில்,
மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சியதில்லை.

தடுப்பானை இறக்கித் தந்தவள் குபேஷ்ணி,
மருந்துக்கடையில் அடுத்த கவுன்ட்டர்.
"எல்லாப் பட்டியலையும் டிக் பண்ணிடுங்க."
பண்ணினேன். பதினொரு பட்டியல்.
ஒரு கட்டிலுக்குப் பதினொரு கொசுவலை.

வியாழன் இரவு மீட்டரில் மூன்று யூனிட்.
கரண்ட் வாங்கப் போனேன்.
இருநூறு ராண்டு. கார்டு எண். சரி.
பணம் போய்விட்டது என்று
வங்கி உடனே செய்தி அனுப்பியது.
பக்கம் மட்டும் சுண்ணாம்படித்த சுவராக நின்றது.
இருபது இலக்க எண்ணைத் தூக்கிக்கொண்டு
வந்திருக்கவேண்டிய பெட்டியை
விளம்பரம் என்று எண்ணி
வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது
என் காவல்.
திரும்பத் திரும்பத் தட்டினேன்.
இரண்டு, என்றது மீட்டர். ஒன்று.
இருட்டு.

மொத்தமாக அணைக்கத்தான் கை போனது.
அணைத்தால் எண் வரும்,
எண்ணோடு காப்பீட்டுக்காரனும் வருவான்.
கல் கிடந்ததற்காகச் சோற்றைக் கொட்டுவதா,
கல்லோடு மெல்லுவதா?
குனிந்து பொறுக்குவது என்றும் ஒன்று இருக்கிறது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தடுத்தவற்றின் கணக்கைத் திறந்தேன்.
சிவப்பு வரிகள், அறுபத்துமூன்று.
உளவு. உளவு. தலை எண்ணுகிறவன். உளவு.
என் விரல் எந்த நொடியில் தயங்கியது என்று
எவனுக்கோ சொல்லப் போகிறவன்.
உளவு.
நாற்பத்தொன்றாவது வரியில், இவர்களோடு வரிசையில்,
தலைகுனிந்து நின்றது ரசீது.
அதற்கு மட்டும், அந்தத் தளத்தில் மட்டும்,
திறந்துவிட்டேன்.

இருபது இலக்கம்.
ஒவ்வொன்றாக மீட்டரில் அழுத்த
ஃபிரிட்ஜ் இருமிக்கொண்டு எழுந்தது.

பின்னால் பூபாலன் நின்றிருந்தான்.
"உன் போனைக் கொடு."
வட்டாரச் செய்திப் பக்கத்தைத் திறந்தான்.
மேலே தண்ணீர் வெட்டு,
கீழே பள்ளிக்கூடக் குலுக்கல்,
நடுவில் வெள்ளை.
அந்த வெள்ளையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.
"இங்கேதான் நான் இருக்கணும்," என்றான்.
கீசர் ரிப்பேர், இருபத்துநாலு மணி நேரமும்.
அறுநூறு ராண்டு கட்டி மூன்று வாரம்.
யாருமே கூப்பிடவில்லை என்று அவன் சொன்னபோதெல்லாம்
நாட்டு நிலைமை அப்படி
என்று சொன்னவள் நான்.

என் ஒரு போன் மறைத்ததால்
ஊர் கூப்பிடாமல் போகாது. தெரியும்.
ஆனால் குபேஷ்ணி
மாத்திரை வாங்க வருகிற எல்லாருக்கும்
இறக்கித் தருகிறாள்.

அவன் படுத்தபின் இரண்டாவது வரியை எழுதினேன்.
இந்தப் பக்கம், இந்த ஓர் இடம், விலக்கு.
வெள்ளை அசைந்தது.
தலைமுடி இருந்த காலத்துப் பூபாலன்,
கையில் ஸ்பேனர்,
கல்யாண போட்டோவில்கூடக் காட்டாத பல்.
கீழே நீலப் பொத்தான்.

வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அழுத்தினேன்.
பக்கத்து அறையில் மணி அடித்தது.
தொழிலுக்கென்று வாங்கிய பழைய போன்,
அதில் என் பெயர் கிடையாது.
கட்டில் முனகியது. தொண்டையைச் செருமினான்.
பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில்
எனக்கு ஒருமுறையும் கிடைக்காத குரலில்,

"பூபாலன் கீசர்ஸ். சொல்லுங்க,
எங்கே ஒழுகுது?"