ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்வியில் தேசம்மா சிரித்துவிட்டாள்.
சட்டைப் பொத்தான் போடுவதில் சிரமம் உண்டா?
"நா எங்க பொத்தான் போட்டேன்? ஊக்குதான்.
குத்துனா தெரியாது. ரத்தம் வந்தா தெரியும்."

இல்லை, சிறிதளவு, ஓரளவு, மிகவும்:
நான்கு கட்டங்கள்.
பேனா நடுவில் நின்றது.
"சிறிதளவுன்னே போடு.
ஜாஸ்தியா போட்டா மருந்தக் கொறச்சிடுவீங்களாமே,
பக்கத்து பெட்டுக்காரி சொன்னா."

உண்மைதான்.
நரம்புப் பாதிப்பு இரண்டாம் நிலை என்றால் அளவைக் குறை,
மூன்று என்றால் நிறுத்து.
அந்த அட்டவணையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்.

அவள் குடல் கட்டிக்கு நாங்கள் ஏற்றுவது பிளாட்டினம்.
மோதிரம் செய்கிற உலோகம் என்று சொன்னபோது
"சேட்டு அடகு வாங்குவானா?" என்று கேட்டவள்.
ஆறு சுற்று. கட்டி பாதியாகிவிட்டது.
பானைத் தண்ணீர் தொண்டையில்
கண்ணாடித்தூளாய் இறங்குகிறது.
இரண்டையும் செய்தது ஒரே மருந்து.
என் கட்டுரையில் முதலாவதற்கு வரைபடம்,
இரண்டாவதற்கு அடிக்குறிப்பு.

ஆய்வகம் தண்டையார்பேட்டையில், மூன்றாவது மாடி.
துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போனால்
நுண்ணோக்கிக்குள் எல்லாம் நடுங்கும்.
கடைசிப் பெட்டி வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.
தட்டில் எலியின் நரம்பணுக்கள், மருந்தில் ஊறியவை.
சூட்டைப் பத்து டிகிரி இறக்கினால்
ஒன்று, பிறகு மூன்று, பிறகு தட்டு முழுக்கப்
பச்சையாய்ப் பற்றிக்கொள்ளும்.
அழகு, என்றேன்.
இர்ஃபானா நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வார்டில் வேறு மருந்து, மரப்பட்டையில் பிறந்தது.
அங்கே ஐஸ்தான் காவல்.
மருந்து ஏறும் நேரம் விரல்கள் உறைந்திருந்தால்
நரம்பு தப்பிக்கலாம். லாம்.
குளிர் கையுறை வாங்கும் கோப்பு
எந்த மேசையில் இருக்கிறதோ.
அதனால் விடிகாலை நாலரைக்குக் காசிமேட்டில்
இரண்டு கூடை நொறுக்கின ஐஸுக்குப் பேரம் பேசுகிறேன்.
"மீன் எங்கம்மா?" என்கிறான் ஐஸ்காரன்.

மீன் இருந்த பக்கம் தேசம்மாவும் இருந்தாள்,
குண்டு பல்புக்குக் கீழே.
பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, இரண்டு அடுக்கு.
சங்கராவின் மேல் ஐஸை அலுமினியத் தட்டால் தள்ளினாள்,
பாம்பைத் தள்ளுவதுபோல.
யாரோ சில்லறை நீட்ட, கையுறையைக் கழற்றி வாங்கினாள்.
ஒவ்வொரு காசையும் கண்ணருகே கொண்டுபோய்
இரண்டா ஐந்தா என்று பார்த்து
முந்தியில் முடிந்தாள்.
முடிச்சு விழவில்லை.
மறுபடி.
விழவில்லை.
பல்லால் இழுத்து முடிந்தாள்.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்.
"உனக்கு இன்னாத்துக்கு ஐஸு?"
சொன்னேன்.
"அவங்களுக்கு ஐஸு வோணும், எனுக்கு ஐஸு ஆவாது.
ஒரே வியாதி தான?"
மருந்து வேற வேற, என்றேன்.
"இன்னா குடுத்த ரெண்டு கூடைக்கு?"
அதையும் சொன்னேன்.
"நல்லா ஏமாந்துகீற."
ஐஸ்காரனைக் கூப்பிட்டு,
அவன் அப்பன் வரைக்கும் இழுத்து,
நாற்பது ரூபாயைத் திரும்ப வாங்கி என் கையில் திணித்தாள்.
அவள் விரல்கள் என் உள்ளங்கையைத் தொட்டது
எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"அந்தப் பேப்பர்ல எதுவும் மாத்திடாத."

ஷேர் ஆட்டோவில் தெர்மோகோல் பெட்டி ஒழுகுகிறது.
டிரைவர் திட்டிக்கொண்டே வருகிறார்.
மடியில் படிவத்தை விரித்து
ஏழாவது கேள்வியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
முந்தி முடிச்சு. பல்லால்.
ஓரத்தில் எழுதியதைக் கணினி படிக்காது.
அதற்கு ஒரு கட்டம் வேண்டும், ஒரு எண் வேண்டும்.
கல்மண்டபம் தாண்டியும் எதைத் தொடுவதென்று தெரியவில்லை.
திங்கட்கிழமை ஏழாவது சுற்று.
செருப்பு நனைந்துவிட்டது.