ஐந்தரை

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனிக்கு எதிர்ப்புறம்
மெர்சலின் எலெக்ட்ரானிக்ஸ் என்று எழுதியிருக்கும்.
நான்தான் மெர்சலின்.
ஜிபிஎஸ், வாக்கி டாக்கி, எக்கோ சவுண்டர்.
தடைக்காலத்தில் மிக்ஸியும்.

திங்கள் சாயங்காலம் வியாகுலராசு
ஜிபிஎஸ்ஸைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்.
“இது பொய் சொல்லுது தங்கச்சி.”

டோக்கன் திங்கட்கிழமைக்கு.
விடியக்காலை ஐந்து மணிக்கு ஜெட்டியை விட்டிருக்கிறார்.
எந்திரத்தின் கணக்கில் அது
ஞாயிறு இரவு பதினொன்றரை.
ஞாயிறு நாட்டுப்படகுகளின் முறை.
ஆபீசில் அபராதம் என்கிறார்கள்.

திறந்து பார்த்தேன். உப்பு ஏறவில்லை.
படகில் எந்தப் பயலோ பொத்தானை நோண்டி
மொத்தத்தையும் சைபர் கோட்டு நேரத்துக்குத்
தள்ளியிருக்கிறான்.
பொய்யில்லை அண்ணே,
அந்தக் கோட்டில் நின்று பார்த்தால்
நீங்கள் கிளம்பும்போது
நேற்று இன்னும் முடியவில்லை.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
ஏழாயிரம் ரூபாய் விஷயம்.

கோடுகளைப் பற்றி அவரிடம் நான் என்ன சொல்ல?
ஒன்றைத் தாண்டியதற்கு
பத்தொன்பது நாள் அக்கரைச் சிறையில் இருந்தவர்.

படுத்த கோடு ஒன்பது டிகிரி, பதினேழு மினிட்.
அந்த மினிட் நேரமல்ல, ஒரு கடல்மைல்.
எங்கள் ஜெட்டியும் முல்லைத்தீவும்
ஏறக்குறைய ஒரே கயிற்றில் கட்டிய மிதவைகள்.
கயிற்றைப் பிடித்து எவ்வளவு கிழக்கே போனாலும்
துருவமீன் அதே தாழ்வில் நிற்கும்,
நேரம் மட்டும் நழுவும்:
நின்ற கோட்டில் ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம்,
ஆறு டிகிரிக்கு ஒரு நாழிகை.

நம் தேசத்துக் கடிகாரத்தைக் கட்டிய கோடு
எண்பத்திரண்டரையில் இறங்குகிறது.
எங்கள் நேருக்கு அது
முல்லைத்தீவுக்கும் அப்பால், வெறும் தண்ணீரில்.
நம் பன்னிரண்டு மணி
அங்கேதான் உச்சிக்கு வருகிறது.
அங்கிருந்து வெயில்
டோக்கன் இல்லாமல் எல்லையைக் கடந்து
இங்கே வந்துசேரப் பதின்மூன்று நிமிடம்.
மாதா கோவிலில் மணியடித்து ஓய்ந்த பிறகும்
கொடிமரத்து நிழல்
கொஞ்சம் மேற்கே கிடக்கும்.
சோற்றுக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறேன்.

ஐந்தரையைக் கூட்டினேன்.
ஞாயிறு திங்களாயிற்று.
நினைவில் கிடந்த பழைய தடங்களெல்லாம்
ஒரே அசைவில் முன்னே நகர்ந்தன.
அதில் ஒன்று
கிழக்கே போய்,
வளையாமல்,
சட்டென்று நின்றிருந்தது.

அவர் அதன் நுனியில் விரல் வைத்தார்.
நகத்தில் மீன்செதில் ஒட்டியிருந்தது.
“இதையும் கொஞ்சம் மேற்கே
தள்ள முடியுமா?”

நேரத்தைத்தான் தள்ளலாம், அண்ணே.

ஐம்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
ரசீது கேட்டார், தேதி போட்டு.
போட்டேன். மணியும் எழுதச் சொன்னார்.
சுவரில் ஐந்தரை.
சைபர் கோட்டில்
இப்போதுதான் உச்சிப்பொழுது.